சோபியா வரும்வரை பிடுங்குவதாக இல்லை

திருக்கோகர்ணம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகள் சோபியாவுக்கு அப்பா ஆரோக்கியமுத்து ஆசி கூறி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், என் இடது கடைவாய்ப் பல் நீங்கலாக. சென்னையில் நீயும் உன் ஆராய்ச்சியும் சுகமா? போனில் கேட்கலாம் என்றால் வாயைத் திறக்க முடியவில்லை.

மூன்று வாரமாக வலி உயிரை வாங்குகிறது. உன் அம்மா கிராம்பு கொடுத்தாள், அதைக் கடிக்கப் போய் நாக்கைக் கடித்துக்கொண்டேன், நாக்குக்கு மருந்து போட்டால் பல் சும்மா இருக்கவில்லை, கடைசியில் பல் டாக்டர் அரவிந்த்குமாரிடம் போனேன். பார்த்த உடனே, "புடுங்கிருவோங்கய்யா" என்றார். "இருங்க தம்பி, எம்மவ இதப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்றா" என்று, நீ அம்மா போனுக்கு அனுப்பிய கட்டுரையை அவருக்கு விளக்கினேன். பல்லின் நரம்பில் கன்னாபினாய்டு ஏற்பி என்று ஒன்று இருக்கிறது, உடம்பு தானே சுரக்கும் ஒரு பொருள் அதில் போய் ஒட்டினால் வலி கொஞ்சம் அடங்கும், இங்கிலீஷில் கன்னாபிஸ் என்கிற கஞ்சாவில் உள்ளதும் அதே இடத்தில் ஒட்டுவதால் அந்தப் பெயர் வந்தது, மருந்தாக இன்னும் காலம் பிடிக்கும் என்று எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். குரல்தான் பரேடு குரலாகிவிட்டது. வெளியே கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "அது எங்கிட்டுங்கய்யா கெடைக்கும்?" என்றார். முப்பத்திரண்டு வருஷம் கஞ்சா கேஸ் பிடித்த ஏட்டிடம் கேட்கிற கேள்வியா இது!

அந்தக் கட்டுரையை அகராதியும் கையுமாக நாலு தடவை படித்தேன். படித்த பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. ஈஸ்டருக்கு வந்த உன்னிடம், "போலீஸ்காரன் மக கஞ்சாவுல பட்டம் வாங்கப் போறியா?" என்று கத்தினேன். நீ சோற்றில் கைவைக்காமல் பஸ் ஏறினாய். ஐந்து மாதமாக என்னோடு பேசவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை அம்மா, தப்பு என் பேரில்தான்.

ஆகையால் நீ நேரில் வந்து பார்த்துச் சொல்லும்வரை இந்தப் பல்லைப் பிடுங்கப்போவதில்லை. எத்தனை நாளானாலும் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பேன்.

மாதா உனக்குத் துணையிருப்பாள். அம்மா முத்தம் தரச் சொன்னாள்.

இப்படிக்கு,
வீங்கிய கன்னத்துடன்,
அப்பா.

பி.கு.: "பெத்த மகளுக்கே பொய்யி எழுதுறீங்களே" என்று உன் அம்மா பேனாவைப் பறிக்கப் பார்க்கிறாள். பல்லைப் போன வியாழக்கிழமையே எடுத்தாயிற்று. வலி துளியும் இல்லை, நேற்று எலும்புக்கறி சாப்பிட்டேன். ஆனாலும் வா, சோபியா. உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.