கெர்னலும் மூன்றாம் ஓலையும்

"லே ஜாஸ்பர், பாட்டு எங்கல போச்சு?"

தேவாலய வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை செல்வதாஸ் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டே காதோரம் கேட்டார். முதல் பாட்டின் இரண்டாம் சரணம். சபையார் வாயைத் திறந்தபடி நின்றார்கள். புரொஜக்டர் பாட்டு காட்டும் அந்தச் சுவரில் ஒரு வரியும் இல்லை.

"ஒண்ணுமில்ல மாமா. காலையில கெர்னல மாத்தினேன்."

"என்னத்த மாத்தின?"

கம்ப்யூட்டருக்கு உள்ளே இருந்து மற்ற எல்லாவற்றையும் மேய்க்கிற மென்பொருள்தான் கெர்னல். சபைக் கம்ப்யூட்டரில் இலவச லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் ஜாஸ்பர். இத்தனை நாளும் பாட்டு வரிகள் கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான். புதுக் கெர்னல் போட்டால் நடுக்கம் நிற்கும் என்று இன்டர்நெட்டில் எவனோ சொன்னானாம்.

அதற்கு வேறு ஞாயிறே கிடைக்கவில்லையா இவனுக்கு? இன்று இவன் தங்கை ஜினிஷாவுக்கு மூன்றாம் ஓலை. கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பார்கள். யாரும் எழும்பித் தடை சொல்லாவிட்டால் அடுத்த வாரம் தாலி. மாப்பிள்ளை ஜெபிஷ் வீட்டாரும் இதே சபைதான்; முன்வரிசை முழுக்கப் பட்டுச் சேலை. அவர்கள் முன்னால் எழுத்து நடுங்கினால் மானக்கேடு என்றுதான் இவ்வளவும்.

ஜாஸ்பர் புரொஜக்டரை இயக்கும் 'டிரைவர்' மென்பொருளைத் தேடிப் போட்டான். படம் வந்தது. சத்தம் போய்விட்டது.

"பழசையே வெச்சிரு மக்கா."

"இடம் பத்தல்லன்னு பழச அழிச்சிட்டேன் மாமா."

"புது அடுப்பு காயுமுன்ன பழைய அடுப்ப எவனாவது இடிப்பானால?"

அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். சுவர் கறுத்து, அதில் ஆங்கிலம் கொட்டியது. நடுவில் 'கெர்னல் பேனிக்', அதாவது கெர்னல் படுத்துவிட்டது, என்று இருந்தது. பின்வரிசைப் பாட்டி ஞானபாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இது எந்த சங்கீதம் பிள்ளே?" என்று பக்கத்தில் கேட்டாள். என்ன நடக்கிறதென்று ஜாஸ்பருக்கே மனசிலாகவில்லை.

கடைசியாகப் பென்டிரைவைச் செருகி, கெர்னலை முதலிலிருந்து ஏற்றத் தொடங்கினான். பாதியில் கரண்ட் போனால் கல்யாணப் பாட்டு உட்பட எல்லாம் போச்சு. எழுத்துகள் சுவரில் ஓடிக்கொண்டே இருந்தன.

சபைப் போதகரான ஐயர் பாட்டைக் கைவிட்டு ஓலையைக் கையில் எடுத்தார். சுவரில் ஓடுவதை முறைத்தார். அதை அணைக்கும்படி செல்வதாஸுக்குக் கண் காட்டினார். செல்வதாஸ் பூனைமாதிரி கம்ப்யூட்டர் சுவிட்ச் பக்கம் நடந்தார்.

"இந்த விவாகத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் இப்பொழுதே தெரிவிக்கக்கடவர்கள்."

ஜாஸ்பர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளி எழும்பினான்.

செல்வதாஸின் கை சுவிட்சில் அப்படியே நின்றது. கோயில் மொத்தமும் திரும்பியது.

"ஜாஸ்பர்... உமக்கா தடை?"

"இல்ல ஐயரே! ஆமா ஐயரே! அந்த சுவிட்ச..."

மாப்பிள்ளையின் அம்மா ஜெயபாய் எழுந்தாள். "கூடப்பொறந்தவனே எழும்புதாம்னா பொண்ணுகிட்ட என்னமோ இருக்கு! எங்களுக்கு இந்த சம்பந்தம் வேண்டாம்!"

"கம்ப்யூட்டருக்குத்தான் எழும்பினேன் மாமி, சத்தியமா!"

யார் நம்புவது? பட்டுச் சேலைகள் வரிசையாக வெளியேறின; வேடிக்கை பார்க்கச் சபையும் பின்னால் போனது. ஐயர் ஓலையை மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து, பாட்டு வரிகள் துளி நடுக்கம் இல்லாமல் சுவரில் வந்து நின்றன. பாடத்தான் ஆள் இல்லை.

கோயில் படியில் ஜாஸ்பர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அப்பாவின் முகத்தில் எப்படி முழிப்பது? பாவி, தங்கச்சி வாழ்க்கையையே கெடுத்துவிட்டேனே என்று வாய்விட்டு அழுதான்.

நிழல் விழுந்தது. மாப்பிள்ளை ஜெபிஷ், தனியாக நின்றான். அடி விழப்போகிறதென்று ஜாஸ்பர் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஜெபிஷ் குனிந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றி மச்சான். தடை சொல்லி யாராவது எழும்ப மாட்டாவளான்னு நானும் ஜினிஷாவும் மூணு ஞாயிறா வாட்ஸாப்பில சேர்ந்து ஜெபம் பண்ணிட்டிருந்தோம்."