சாரலில் ஜெயித்த தேக்குத் தரை

மேலகரம், தென்காசி.
ஆனி மாதம், மழை விட்டு வானம் வெறிக்காத ஒரு திங்கட்கிழமை.

அன்புள்ள மைத்துனர் சிரஞ்சீவி குற்றாலிங்கத்துக்கு, ஓய்வுபெற்ற காவல்துறை உதவி ஆய்வாளரும் உம் அத்தானுமாகிய சங்கரபாண்டி எழுதுவது. இங்கு நானும், உம் அக்காள் முத்துலட்சுமியும், எங்கள் மகளும் உம் மருமகளுமான ஜெயசித்ராவும் குற்றாலநாதர் புண்ணியத்தில் சுகம். பெங்களூரில் நீரும் உம் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக உம் இருதயம் திடமாக இருக்க வேண்டும். கீழே வரும் செய்தியை அது தாங்க வேண்டுமே.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீர் குறுக்கே பேசுவீர்.

வெற்றி, மாப்ளே, வெற்றி! போன ஐப்பசியில் ஹாலுக்கு மரத்தரை போடலாம் என்று நான் வாயைத் திறந்ததும், "அத்தான், சாலிட் வுட் வேண்டாம். குத்தாலத்துச் சாரலுக்குத் தண்ணியக் குடிச்சு உப்பிரும். எஞ்சினியர்டு வுட் போடுங்க, ஆடாது அசையாது" என்று எனக்கே பாடம் எடுத்தீர். நானும் விசாரித்தேன். மேலே அப்பளம் கனத்துக்குத் தேக்கு, கீழே அடுக்கடுக்காக ஒட்டுப்பலகை. மேலே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருந்த ஆசாமிகளைப் பிடித்து உள்ளே போட்டே சர்வீஸை முடித்தவன் நான். அப்படிப்பட்டதை என் ஹாலிலேயே விரித்து அதன்மேல் நடப்பேனா? செங்கோட்டை மர டிப்போவுக்கு நானே போய், பலகையைத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, முழுத் தேக்காக எடுத்து வீட்டில் இறக்கிவிட்டுத்தான் சபரிமலைக்குக் கிளம்பினேன். திரும்பி வந்து பார்த்தால் தரை கண்ணாடியாக மின்னுகிறது. மிச்சப் பலகையில் வாசலுக்குப் புதுக் கதவு வேறு. உம் அக்காள் ஒரு குறையும் சொல்லவில்லை. அவளே குறை சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளும்.

"சாரல் வரட்டும் அத்தான், அப்புறம் பேசுவோம்" என்றீர். வந்தது. சாரலோடு நேற்று ஜெயசித்ராவைப் பெண் பார்க்க வாசுதேவநல்லூர்க்காரர்களும் வந்தார்கள். பையன் ஆதித்தனும் அவளும் ஒரே ஆபீஸ். இருவருக்கும் பிடித்துப்போய்த்தான் பேச்சே ஆரம்பித்தது என்பது உமக்குத் தெரியும். பெரியவர்கள் கெடுக்காமல் இருந்தால் போதும் என்கிற நிலைமை. பையனின் அப்பா உச்சிமாகாளி பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். அம்மா குருவம்மாள் சகுனம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். காலையிலேயே வருவதாகச் சொன்னவர்கள், ஐந்தருவியில் தண்ணீர் அருமையாக விழுகிறது என்று எவனோ சொல்லப்போய், வேனை அங்கே திருப்பி, எண்ணெய் தேய்த்து, ஆற அமரக் குளித்து, தலை சொட்டச் சொட்ட, குதிங்காலில் எண்ணெய் மினுங்க, ஈரத்துணி வாளியோடு மத்தியானம் என் வாசலில் இறங்கினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சீசனில் இந்தப் பக்கம் வந்துவிட்டு அருவியில் தலையைக் கொடுக்காமல் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

ஆனால் மாப்ளே, அந்த எண்ணெய்க் கால்களைப் பார்த்ததும் எனக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் என்பதே மறந்துவிட்டது. ஓடிப்போய் வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் சாக்கை விரித்து, "ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்க, சாக்கை விட்டு யாரும் கால எடுத்து வைக்கப்பிடாது" என்று உத்தரவு போட்டேன். கடைசி ஆள் நுழைந்ததும், சாரல் உள்ளே அடித்துத் தரை நனைந்துவிடக் கூடாதே என்று கதவை ஓங்கிச் சாத்தினேன். கைதிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிற மாதிரியே இருந்ததாக உம் அக்காள் பிற்பாடு சொன்னாள்.

சுபேதார் சாக்கின் நடுவில் நின்றுவிட்டார்.

"என்னவே, பொண்ணு பாக்க வந்திருக்கோமா, இல்ல ஸ்டேசன்ல கையெழுத்துப் போட வந்திருக்கோமா?"

"தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி. சாலிட் தேக்கு. எண்ணெய்க் கறை பட்டா போவாது."

"அப்பம் உம்ம தேக்குக்கே மாப்பிள்ளை பாத்துக்கிடும். ஏ குருவு, கிளம்பு!"

காப்பித் தட்டோடு அடுக்களையை விட்டு வந்த ஜெயசித்ரா அப்படியே நின்றாள். "எப்பா, ஒங்களுக்கு நான் வேணுமா, தரை வேணுமா?" என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அரிவாளோடு வந்தவனையெல்லாம் நேருக்கு நேர் பார்த்தவன் நான். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் சாக்கைப் பார்த்தேன். கெடுத்துவிட்டோமே பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டு நின்றேன்.

சுபேதார் போய்க் கதவை இழுத்தார். வரவில்லை. பலம் கொண்டமட்டும் இழுத்தார். அசையவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நீர் சொன்னது நடந்தேவிட்டது! தேக்குத் தரை காலையிலிருந்து சாரலைக் குடித்து, உப்பி, மேலே எழும்பிக் கதவின் அடியைக் கவ்விக்கொண்டது.

"பின்வாசல் இருக்கு" என்று நான்தான் உளறினேன். குருவம்மாள் விட்டாரே ஒரு சத்தம்: "நல்ல காரியத்துக்கு முன்வாசல் வழியா வந்துட்டுப் பின்வாசல் வழியா போவாங்களாக்கும்? பெறவு எம்புள்ளைக்கு எந்த வீட்டுல போயிப் பொண்ணு கேக்க? கதவு தொறந்தாத்தான் கிளம்புவேன்."

சரி என்று போலீசும் பட்டாளமும் சேர்ந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தோம். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. நான் மல்லாக்க விழ, சுபேதார் என்மேல் விழ, சாக்கை விட்டு வெகுதூரத்தில் இரண்டு பேரும் எண்ணெயும் தண்ணீருமாக உருண்டோம். முதலில் சிரித்தது யார் தெரியுமா? சத்தம் கேட்டு ஓடிவந்த உம் மருமகள். அப்புறம் ஆதித்தன். அப்புறம் என்மேல் கிடந்தபடியே சுபேதார்.

"கதவு தொறக்கும்போது தொறக்கட்டும், எல்லாரும் சாப்பிட உக்காருங்க" என்று உம் அக்காள் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியுமாக இலை போட ஆரம்பித்தாள். சாக்கை நானே சுருட்டி மூலையில் எறிந்தேன். எண்ணெய்க் காலோடு அத்தனை பேரும் என் தரையில் உட்கார்ந்தார்கள். சுபேதார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தவர், தரையைத் தடவிப் பார்த்தார். "சாரல் நேரத்துல சிமிண்டுத் தரையில உக்காந்தா முட்டு கடுத்துத் தள்ளிரும்வே. இது வெதுவெதுன்னுல்லா இருக்கு!" சொதியை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டு, துண்டைத் தலைக்குக் கொடுத்து அங்கனயே படுத்துத் தூங்கியும்விட்டார். எழுந்ததும், "ஆவணியில வச்சுக்கிடுவோம். நிச்சயதார்த்தம் இந்த ஹால்லயே இருக்கட்டும். சாக்கு மட்டும் கூடாது" என்றார். ஜெயசித்ரா என்னைப் பார்த்தாள், மாப்ளே. அந்தப் பார்வைக்கு என் சர்வீஸ் மெடல் அத்தனையையும் கொடுக்கலாம்.

சாயங்காலம் வெயில் தலைகாட்டியது. கொஞ்ச நேரத்தில், நான் பின்வாசல் வழியாகச் சுற்றிப்போய் வெளியிலிருந்து லேசாகத் தள்ளினதும் கதவும் திறந்துகொண்டது. பூவும் பழமும் வாங்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே சம்பந்தி வீட்டார் கிளம்பிப் போனார்கள்.

இப்போது சொல்லும். உம் எஞ்சினியர்டு வுட்டைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆடாமல் அசையாமல் கிடந்திருக்கும். கதவு திறந்திருக்கும். சம்பந்தி போயே போயிருப்பார். நீர் எதைக் குற்றம் என்றீரோ அதுதான் உம் மருமகள் கல்யாணத்தைக் காப்பாற்றியது. ஆகவே தோற்றேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பவும். ஆவணியில் தாய்மாமனாக, லட்சணமாக, நாலு நாள் முன்னதாகவே குடும்பத்தோடு வந்து சேரவும். வழியில் அருவியில் குளித்துவிட்டு எண்ணெய்க் காலோடே வரலாம். தடை நீக்கப்பட்டது.

உம் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், படிப்பில் அத்தானைப் போல் இல்லாமல், நல்லபடியாக வளர ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெயித்த அத்தான்,
சங்கரபாண்டி

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதை உம் அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நான் சபரிமலையில் இருந்தபோது நீர் பெங்களூரிலிருந்து லாரியில் அனுப்பிய எஞ்சினியர்டு வுட்தான் ஹாலில் கிடக்கிறதாம். "அது போட்ட அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. நீங்க மோந்து பாத்து எடுத்த பலகை இன்னும் காயவே இல்லைன்னு ஆசாரி சொல்லிட்டாரு. வாசக்கதவுக்கு மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை மாடி ரூம்ல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன். உப்புனது கதவுதான்" என்கிறாள். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். இருக்கிறது.

ஆகவே மேலே தரை உப்பியது என்று எழுதியுள்ள இடங்களிலெல்லாம் கதவு உப்பியது என்று மாற்றி வாசித்துக்கொள்ளவும். சம்பந்தி படுத்துத் தூங்கிய தரையின் பெருமையை வேண்டுமானால் நீர் எடுத்துக்கொள்ளும். வெற்றியில் மாற்றமில்லை. கதவு சாலிட் தேக்கு.