வாட் ஒன்றுக்கு என்ன விலை

திங்கள்கிழமை காலை பத்து இருபதுக்கு, உள்ளங்கை அளவு சோலார் பேனல் மூன்று வாங்க அனுமதி கேட்டு, 'சாலிடர்' என்று எல்லோரும் கூப்பிடும் ஆள் விண்ணப்பம் கொடுத்தார். ஆவணக் காப்பக அலுவலகத்தில் அவர் எழுத்தர். ஓய்வு நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து ரேடியோ, விளக்கு என்று எதையாவது ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருப்பவர் என்பதால் அந்தப் பெயர்.

அலுவலகத்தின் பின்படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது; விளக்கும் கிடையாது. கட்டட வரைபடத்தில் அப்படி ஒரு படிக்கட்டே இல்லை என்று மின்பிரிவு ஒயர் இழுக்க மறுத்துவிட்டது. முன்படிக்கட்டில் வாளிக்குத் தடை. ஆகவே துப்புரவு வேலை பார்க்கும் அக்கா இரண்டு வாளித் தண்ணீரோடு பட்டப்பகலில் பின்படியில் காலால் துழாவி இறங்குவார். பேனலை மொட்டைமாடியில் வைத்து, ஆள் வந்தால் எரியும் சிறு விளக்கைத் தானே செய்து மாட்டுவதாக சாலிடர் எழுதியிருந்தார்.

"எப்ப தம்பி எரியும்?"

"ஒரு வாரத்துல எரிஞ்சிடும்க்கா."

அந்த ஆண்டு அலுவலகங்களில் பசுமை பரவியிருந்தது. மேலாளர் பச்சை மையில் கையெழுத்திட ஆரம்பித்திருந்தார். விண்ணப்பம் அவர் நெஞ்சைத் தொட்டது. ஒன்பது பேர் கொண்ட விலை ஒப்பீட்டுக் குழுவை அமைத்தார். தொழில்நுட்ப உறுப்பினர் சாலிடர்.

கணக்காளர் கால்குலேட்டரைத் தள்ளி வைத்தார். "சின்ன பேனல்ல ஒரு வாட்டுக்கு ஆகிற விலை, ஐந்நூறு வாட் பேனலைவிட மூணு மடங்கு. தெரியுமா?"

"எனக்கு வேண்டியதே மூணு வாட்தான் சார்."

"அது உங்க தேவை. நான் பேசறது சிக்கனம்."

சிக்கனத்தை எதிர்த்தவர் என்று கோப்பில் ஏறினால் ஓய்வுபெறும்வரை இறங்காது. தவிர, ஐந்நூறு வாட் பேனலை சாலிடர் அதுவரை தொட்டுப் பார்த்ததில்லை. ஒப்புக்கொண்டார்.

கதவு அகலத்தில் பேனல் வந்து இறங்கியது. ஸ்டோர் கீப்பர் அதைச் சுற்றி வந்தார்.

"இவ்வளவு விலைப் பொருளை வெயில்ல போடறதா? வெளுத்துப்போனா யாரு பொறுப்பு?"

"வெயில்ல வெச்சாதான் சார் வேலை செய்யும்."

"பூட்டி வெச்சாதான் சார் இருக்கும்."

பேனல் ஸ்டோருக்குள் போனது. மாதம் ஒருமுறை அதன் செயல்திறனைச் சோதிக்க வேண்டும் என்று விதி. எனவே அதற்கு மேலே நான்கு டியூப்லைட்டுகள் பொருத்தப்பட்டன. சாலிடர் செய்த விளக்கு அந்த ஒளியில் மினுக்கென்று எரிந்தது. விளக்குக்கும் பேனலுக்கும் ஒரே இருப்பு எண் என்பதால் இரண்டையும் பிரிக்க இயலவில்லை.

"லைட்டு எரியுதாமே தம்பி?"

"எரியுதுக்கா. ஸ்டோர்ல."

"அப்ப நான் ஸ்டோர் வழியா இறங்கட்டா?"

சாலிடர் கோப்பைப் புரட்டினார்.

பசுமை அலுவலக விருதுக்கு விண்ணப்பிக்க ஒரு சான்று தேவைப்பட்டது. 'பின்படிக்கட்டில் சூரிய சக்தியால் போதிய வெளிச்சம் வழங்கப்பட்டுள்ளது' என்று தட்டச்சு செய்து, குழுவினர் ஒன்பது பேரும் கையெழுத்திட்டனர். சாலிடர் தேதியும் போட்டார். விருது வந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். வாளிகளை ஓரமாக வைத்துவிட்டு அக்காவும் கைதட்டினார்.

செப்டம்பர் 12 அன்று காலை அக்கா பின்படியில் தவறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. போதிய வெளிச்சம் இருந்ததற்கு ஒன்பது பேரின் சான்று இருந்ததால், கவனக்குறைவுக்காக அவருக்கு எட்டு நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது.