செவ்வரத்தை நிறக் கம்பளம் தொடர்பாக

கல்லடி,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் கனகசிங்கத்துக்கு,

வீட்டுக்கு ஏற்பக் கம்பளத்தை மாற்றுவதில்லை, கம்பளத்துக்கு ஏற்ப வீட்டையே மாற்றுவது என்ற தீர்மானம், எமது குடும்பத்தின் அங்கத்தவர் மூவரும் சமுகமளித்திருந்த கூட்டத்தில், இரவுப் பிட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் நிறைவேறியது. உம்முடைய அக்கா கேதீஸ்வரி பிரேரித்தார். நான் வழிமொழிந்தேன். மகள் தனுஷியா நடுநிலை வகித்தாள். உமது சுகத்துக்காகவும் தோஹாவின் வெயில் சற்றுத் தணிவதற்காகவும் மாமாங்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, மேற்படி தீர்மானத்தால் நேர்ந்தவற்றை இத்தால் அறியத்தருகிறேன்.

நீர் வேலை செய்யும் ஹோட்டல் தன் விருந்து மண்டபத்தைப் புதுப்பித்தபோது கழற்றிய கம்பளத்தை, மருமகள் தனுஷியாவின் வீட்டுக்கென்று நீர் அனுப்பியது அன்பினால்தான். அதில் எமக்குச் சந்தேகமில்லை. அதன் நிறம் ‘கொஞ்சம் சிவப்பு’ என்று நீர் சொல்லியிருந்தீர். சுருளை அவிழ்த்தோம். ஒரு வேலி நிறைந்த செவ்வரத்தம் பூவை அரைத்துக் கொட்டியதைப் போலிருந்தது. இந்தச் சிறிய மாடிவீட்டின் வெளிர்மஞ்சள் சுவர்கள் அதைக் கண்டதும் தங்கள் நிறத்தைக் கைவிட்டன. எங்கள் முகங்களும் கைவிட்டன. உம்முடைய அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “காய்ச்சலா உங்களுக்கு?” என்றார். நான் அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இருவருக்கும் காய்ச்சல் இல்லை.

சாதாரண காலமென்றால் இதைத் தாங்கியிருக்கலாம். ஆனால் களுவாஞ்சிக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் பெயர் ரதீஸ், உன்னிச்சைக் குளத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து குடியேறுவது அங்கேதான் என்பது உமக்குத் தெரியும். ஆகவே அவருடைய தாயார் கண்ணகை அக்கா, மகன் வாழப்போகும் வீட்டைக் கண்ணால் கண்டபின்பே சம்மதம் சொல்வேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். தனுஷியாவுக்கு ரதீசைப் பிடித்திருக்கிறது. இதை அவள் சொல்லவில்லை. முன்பு வந்த சம்பந்தங்கள் குழம்பியபோது வாய்விட்டுச் சிரித்தவள், இந்தமுறை சுவரில் பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதிலிருந்து அறிந்துகொண்டேன்.

பெயின்ட் சாம்பல் நிறம். அதற்கு முன் கம்பளம் ஓரங்களில் சுருண்டு எழுந்து, நான் தடக்கி விழுந்ததனால், அதைப் பசை போட்டு நிலத்தோடு ஒட்டியிருந்தோம். ஒட்டியபின் கதவுகள் திறக்க மறுத்தன. தச்சரை அழைத்து எல்லாக் கதவுகளின் அடியையும் சீவினோம். சாம்பல் சுவருக்கும் சிவப்பு நிலத்துக்கும் நடுவே எங்கள் கிளிப்பச்சைத் திரைச்சீலை தொங்கிய காட்சியை எழுத வேண்டாம் என்று உம்முடைய அக்கா கேட்டுக்கொள்கிறார். எனவே கம்பளத்தில் வெட்டி மிஞ்சிய ஒரு துண்டை எடுத்துக்கொண்டு காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் இப்றாஹிமிடம் போனேன். அவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“சேர், இதுக்குப் பக்கத்தில என்ன கலர வெச்சாலும் சண்டை பிடிக்கும். வெள்ளை ஒண்டுதான் வாயப் பொத்திட்டு இரிக்கும்.”

வெள்ளை வாங்கினேன். யன்னல்களுக்குப் போக மிச்சம் இருந்தது. மொட்டைமாடித் தண்ணீர் கசிந்து கூரையில் விழுந்திருந்த கறையை மறைக்க, அந்த மிச்சத்தைக் கொசுவி மேலே கட்டினோம். சிவப்புக்குப் பித்தளைதான் பொருத்தம் என்று தனுஷியா கைபேசியில் பார்த்துச் சொன்னாள். வீட்டில் இருந்த பித்தளை ஒரு குத்துவிளக்கும் ஒரு குடமும். வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தோம். எங்காவது கொஞ்சம் பச்சை தெரிய வேண்டும் என்றும் கைபேசியில் இருந்ததாம். ஆகவே குடத்தில் தண்ணீர் நிரப்பி மாவிலை செருகினோம். ஒவ்வொன்றும் நிறப் பொருத்தம் கருதி, நன்கு ஆலோசித்து எடுத்த முடிவு. எல்லாம் சேர்ந்து என்னவாகிவிட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை. மூவரும் கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர்கள் வந்தார்கள். கண்ணகை அக்கா, அவருடைய தம்பி, ரதீஸ். கண்ணகை அக்கா படியேறி வந்து, செருப்பைக் கழற்றி, வலது காலை உள்ளே வைக்கத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு அதை மெதுவாகத் திரும்பக் கொண்டுபோய் வெளியே சீமெந்தில் வைத்தார்.

“தம்பி, மேல பார். வெள்ளை கட்டியிருக்கு. இஞ்ச பார், நிறைகுடம், விளக்கு. கீழ நிலபாவாடை. நாம வீடு பாக்க வந்தமா, மாப்பிள்ளை கொண்டுவந்தமா?”

மச்சான், நீர் ஊரை விட்டு நெடுங்காலமானாலும், கலியாண வீட்டில் மேலே வெள்ளை கட்டுவதையும் நிலபாவாடையையும் மறந்திருக்க மாட்டீர். நிலபாவாடை என்பது கலியாணத்தன்று மாப்பிள்ளை வெறுநிலத்தை மிதிக்காமல் பெண்வீட்டுக்குள் நடந்து வர விரிக்கும் சீலை. அதை மிதித்து உள்ளே வந்தவர் மாப்பிள்ளைதான், வேறு ஆளாக வெளியே போக முடியாது.

“இது காப்பற் அக்கா. மச்சான் தோஹாவில இருந்து அனுப்பின” என்றேன்.

“எங்க இருந்து வந்தா என்ன? விரிச்சது நீங்க. மிதிச்சா சம்மதம் எண்டாகும். நான் இன்னும் வாயே திறக்கல்ல.”

“நிலபாவாடை வெள்ளை தானே அக்கா, இது சிவப்பு” என்றார் தம்பி.

“நீ சும்மா இரு. உன்ட கலியாணத்தில வெள்ளை காணாம மஞ்சளைத்தான் விரிச்ச. நீ தப்பிட்டியா?”



“அப்ப சுருட்டி வைங்க, வாறன்” என்றார் கண்ணகை அக்கா.

“சுருட்ட ஏலா அக்கா. ஒட்டியிருக்கு.”

“ஒட்டியிருக்கா?” அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “வந்த ஆள் தப்பி ஓடாம இருக்கவா?”

நான் கதிரைகளை வாசலுக்கு வெளியே, படி முடியும் இடத்தில் போட்டேன். உம்முடைய அக்கா உள்ளே நின்றபடி தேநீரை வெளியே நீட்டினார். மேலே பத்திரிகையை விரித்தால் மிதிக்கலாமே என்று தம்பி யோசனை சொன்னார். விரித்தேன். அவசரத்தில் கைக்கு வந்தது மரண அறிவித்தல் பக்கம். கண்ணகை அக்கா குனிந்து பார்த்து, “இவரை எனக்குத் தெரியும்” என்று சொல்லி, இருந்த கதிரையையும் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

தனுஷியா பலகாரத் தட்டோடு வந்து வாசலுக்கு உள்ளே நின்றாள்.

“மகள், நீயும் சேந்துதான் இதெல்லாம் செஞ்சியா?”

“நிறத்த மட்டும்தான் பாத்த நாங்க, மாமி.”

“மாமி எண்டும் சொல்லியாச்சு” என்றார் கண்ணகை அக்கா தம்பியிடம்.

இவ்வளவு நேரமும் ரதீஸ் படியோரத்து யன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சப்பாத்தைக் கழற்றினார். காலுறைகளைக் கழற்றி மடித்துச் சப்பாத்துக்குள் வைத்தார். வலது காலை முதலில் வைத்து உள்ளே வந்து, கம்பளத்தின் நடுவால் குசினி வாசல் வரை நடந்து, “தனுஷியா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க” என்றார். தேநீர்க் கோப்பை நிறைந்தபடி அவருடைய கதிரையில் இருந்தது.

“டேய், ரதீஸ்!”

“என்னம்மா?”

“மிதிச்சிட்டியே மனே.”

“ஓம்.”

அவர் ஒரு குவளைத் தண்ணீரையும் நின்ற நிலையில் ஆறுதலாகக் குடித்து முடித்தார். கண்ணகை அக்கா எழுந்தார். படியிறங்கிப் போய் வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தம்பி ஒரு பணியாரத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். ரதீஸ் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி ஓடினார்.

“நான் கேட்டது வீடு அப்பா. நீங்க மணவறை கட்டி வெச்சிருக்கிங்க” என்று தனுஷியா சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். சீவிய கதவு என்பதால் சாத்தியும் அடியால் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் அவளுடைய கால்கள் அங்குமிங்கும் நடப்பதை நானும் உம்முடைய அக்காவும் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தனுஷியா பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகிறாள், வருகிறாள், கைபேசியைப் பார்க்கிறாள், கவிழ்த்து வைக்கிறாள். செவ்வாய்க்கிழமை உம்முடைய அக்கா குசினியிலிருந்து கத்தியைக் கொண்டுவந்து, வாசலில் குந்தியிருந்து, கம்பளத்தை வெட்டி உரிக்கத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை. மறுபக்கத்தைப் பிடித்து இழுத்தேன். கீழ்வீட்டில் இருக்கும் ஆதம்பாவா சத்தம் கேட்டு ஏறி வந்தார். அவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். “சேர், எறியிறதெண்டா எனக்குத் தாங்களன்” என்றார். கொடுத்தோம்.

ஆகவே மச்சான், வீட்டுக்கென்று இனி எந்த நிறத்திலும் எதையும் அனுப்ப வேண்டாம். கலியாணம் இருக்கும் என்று நம்பி ஆவணிக்கு எடுத்த டிக்கட்டையும் ரத்துச் செய்துவிடும். உமக்கும் உமது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தேக சுகமும், எந்த வாசலிலும் தயங்காத கால்களும் கிடைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உமது அத்தான்,
நல்லரத்தினம்

பி.கு: டிக்கட்டை ரத்துச் செய்ய வேண்டாம். இந்தக் கடிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது கண்ணகை அக்கா தொலைபேசி எடுத்தார். “யோசிச்சுப் பாத்தன். மிதிச்சவன் மிதிச்சவன்தான். இனி அவனை வேற வாசல்ல கொண்டுபோய் நிப்பாட்ட எனக்கு மனமில்ல. ஆவணியில கலியாணத்த வெப்பம். ஆனா ஒண்டு, அவன் முதல் மிதிச்ச அதே பாவாடையிலதான் கலியாணத்துக்கும் கால் வைக்கோணும்” என்றார். நான் ஓம் என்றேன். தனுஷியா கதவைத் திறந்து வெளியே வந்தாள். ஆனால் ரதீஸ் மிதித்த, வாசலிலிருந்து குசினி வரையான துண்டை ஆதம்பாவா ஏற்கனவே தன் முச்சக்கரவண்டியின் ஆசனத்துக்குத் தைத்து, மிச்சத்தைக் கால் வைக்கும் இடத்தில் ஆணி அடித்துவிட்டார். மாப்பிள்ளையை அதிலேயே அழைத்து வருவதாக இன்று மாலை தீர்மானம் நிறைவேறியது. கலியாணத்தன்றைக்கு ஆதம்பாவா வேறு ஆளை ஏற்றும் ஹயர் எடுக்க மாட்டாராம்.