இருநூறு ரூபாய்க் கட்டணம், முதல் பரிசு கிடா

கேரம் ஆடத் தெரியாதவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் ஆடாமல் இருந்துவிடுவார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இன்னொரு வகையினர், எந்தப் போட்டியில் நுழைவுக் கட்டணம் கம்மி, எந்தப் போட்டியில் பரிசு ஜாஸ்தி என்று ஆராய்ச்சி செய்யப் போய்விடுவார்கள். அந்த இரண்டாவது வகைக்குக் கள்ளக்குறிச்சி வட்டாரத் தலைவனாக நான் சில காலம் இருந்தேன். (தொண்டர்கள் யாரும் கிடையாது.)

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு செல்போன் கடை. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் கேரம் போட்டி வைத்தாலும் நோட்டீஸை என் கடைக் கண்ணாடியில்தான் ஒட்டுவார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் (அதாவது பெரும்பாலான நேரத்தில்) அவற்றைப் படித்துப் படித்து நான் ஒரு கொள்கையைக் கண்டுபிடித்திருந்தேன். பரிசைக் கட்டணத்தால் வகுக்க வேண்டும். வருகிற எண் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு நல்ல போட்டி.

டவுனில் நடக்கும் போட்டிக்கு ஜோடிக்கு அறுநூறு ரூபாய், முதல் பரிசு ஆறாயிரம். பத்து மடங்குதான். "நாப்பது ஜோடி வருதே, மிச்சக் காசு எங்க போவுது?" என்று நடத்துகிறவர்களைக் கேட்டால், "டீ செலவுங்க" என்பார்கள். அத்தனை ரூபாய்க்கு டீ குடித்தவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்பதுதான் என் கவலை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு போட்டி. கட்டணம் முந்நூறு, பரிசு ஐயாயிரம், கூடவே ஆளுயரக் கோப்பை. ஐயாயிரத்தை அறிவித்த உபயதாரர் பரிசளிக்கும் நேரத்தில் மட்டும் அவசரமாக வெளியூர் போய்விடுவார். கோப்பை நிச்சயம் உண்டு. வீட்டில் துடைப்பம் நிறுத்தி வைக்க வசதியாக இருப்பதாக ஜெயித்தவர்கள் சொன்னார்கள்.

அப்படி இருக்கையில் கல்வராயன் மலையிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. கரியாலூரில் இரட்டையர் கேரம் போட்டி. கட்டணம் இருநூறு. இரண்டாம் பரிசு ரொக்கம் மூவாயிரம். முதல் பரிசு, ஓர் ஆட்டுக்கிடா.

கிடா எப்படிப் பார்த்தாலும் பன்னிரண்டாயிரம் போகும். வகுத்தேன். அறுபது மடங்கு! நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். ரீசார்ஜ் பண்ண வந்தவர் பயந்துபோய் வேறு கடைக்குப் போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். களமருதூரில் கவிதா. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். (இன்றுவரை அவள் அதை ஒப்புக்கொண்டதில்லை.) ஆனால் அவள் அப்பா முடிவு சொல்லவில்லை. "பெரியவன் ஒரு நாள் கூட இருந்து பாக்கட்டும். அவன் சரின்னா சரி" என்றுவிட்டார்.

பெரியவன் என்றால் கவிதாவின் அண்ணன் செல்வராசு. நெல் விவசாயம். பேச்சையும் யூரியா மாதிரி அளந்துதான் போடுவார். ஒரு சனிக்கிழமை, உரம் வாங்குகிற சாக்கில் என்னை எடை போடுவதற்காகக் கள்ளக்குறிச்சிக்கு வந்து என் கடையில் உட்கார்ந்தார்.

"தம்பி, கட இல்லாத நேரத்துல இன்னா பண்ணுவீங்க?"

"கேரம் ஆடுவேங்கண்ணே."

"நல்லா ஆடுவீங்களா?"

"எப்டி ஆடுறோம்றது முக்கியம் இல்லண்ணே. எங்க ஆடுறோம்றதுதான் முக்கியம்."

அவர் புருவம் லேசாக உயர்ந்தது. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, என் வகுத்தல் கொள்கையை அரை மணி நேரம் விளக்கினேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒவ்வொரு நோட்டீஸையும் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். கடைசியில் மலை நோட்டீஸை மட்டும் இரண்டு தடவை தொட்டேன்.

"அறுவது மடங்குண்ணே! எந்த பேங்குலயும் இந்த வட்டி கெடையாது."

"ஜெயிச்சாதான?"

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "நான் கொஞ்சம் ஆடுவேன். அறுப்பு முடிஞ்சா எங்க ஊர்ல வேற இன்னா வேல? நாளைக்குப் போய்ப் பாத்துடலாம்."

மறுநாள் காலையில் என் பைக்கில் கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினோம். உரம் வாங்க வைத்திருந்த பணம் அவர் டவுசர் பையில் பத்திரமாக இருந்தது. திங்கட்கிழமை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவதாகத் திட்டம்.

கரியாலூரில் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே வரிசையாக கேரம் போர்டுகள். காற்றில் பவுடர் பறந்துகொண்டிருந்தது. பந்தல் காலில் கிடா கட்டியிருந்தது. கறுப்பு, கொழுகொழுவென்று, கழுத்தில் மாலையோடு. அது என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சொந்தம் தெரிந்தது. பெயர் எழுதிக்கொண்டிருந்த விழாக்குழுத் தலைவர் சின்னசாமியிடம் இருநூறைக் கொடுத்தேன்.

"இந்தக் கிடாவ கீழ எறக்க மினி வேன் கெடைக்குமாங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மொதல்ல ஜெயிங்க தம்பி. வேன் அப்பறம் பாத்துக்கலாம்."

பக்கத்தில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலையில் நகைச்சுவை உணர்ச்சி ஜாஸ்தி போலிருக்கிறது என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

'கொஞ்சம் ஆடுவேன்' என்று செல்வராசு சொன்னது, யானை தான் கொஞ்சம் சாப்பிடுவேன் என்று சொன்ன மாதிரி. மனிதர் விரலைச் சுண்டினால் காய் தானாக எழுந்து குழிக்குள் போய் உட்கார்ந்தது. என் பங்கு பவுடர் போடுவதும், ஸ்டிரைக்கரைக் குழிக்குள் தள்ளி அவர் சம்பாதித்ததைத் திருப்பிக் கொடுப்பதும்தான். அப்படியும் சுற்றுக்குச் சுற்று ஜெயித்தோம். அரையிறுதியில் மட்டும் எதிர் ஜோடி உயிரைக் கொடுத்து ஆடியது. செல்வராசுவுக்கே வியர்த்துவிட்டது.

"மாப்ள, அந்தப் பவுடர எடு" என்றார்.

மாப்ள! நேற்றுவரை தம்பி. பவுடர் டப்பாவைத் தலைகீழாக எடுத்ததில் பாதிப் பவுடர் என் தலையில் கொட்டியது. அந்த ஆட்டமும் ஜெயித்ததும் ஓரமாகப் போய், எங்கள் தெருக் கறிக்கடை பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், ஒரு கிடா வருது. எவ்ளோ தருவீங்க?"

"மொதல்ல வரட்டும்பா."

எல்லாரும் ஏன் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே மூங்கில்துறைப்பட்டு ஜோடி. கரும்பு டிராக்டர் ஓட்டுகிற சாரங்கபாணியும் அவருடைய கூட்டாளி ஏழுமலையும். அரையிறுதியில் அவர்கள் ஆடியதை நான் பார்த்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும் என்கிற கைகள்.

ஆனால் இறுதி ஆட்டத்தில் உட்கார்ந்ததும் அந்தக் கைகளுக்கு ஏதோ ஆகிவிட்டது. குழி ஓரத்தில் நிற்கிற காயை விட்டுவிட்டு எதிர்மூலைக் காயைக் குறி வைத்தார்கள். ஸ்டிரைக்கர் சர்ரென்று குழிக்குள் போனது. "அடடா! கை வழுக்கிடுச்சே" என்று சாரங்கபாணி தொடையில் தட்டிக்கொண்டார். அடுத்த முறை ஏழுமலைக்கு வழுக்கியது.

நான் சும்மா இருந்தேனா? நானும் ஸ்டிரைக்கரைக் குழிக்குள் போட்டேன். அவர்கள் வேண்டுமென்றே தப்பு செய்தார்கள். நான் மனப்பூர்வமாகத் தப்பு செய்தேன். என்னிடம் தோற்பது எவ்வளவு கடினமான வேலை என்று பாவம், அவர்களுக்குத் தெரியாது. அரை மணி நேரம் ஆகியும் ஆட்டம் முடியவில்லை. சாரங்கபாணியின் நெற்றியில் நிஜமாகவே வியர்வை.

செல்வராசு போர்டுக்குக் குறுக்கே குனிந்து கிசுகிசுத்தார். "மாப்ள, இவுங்க ஆடுறதே சரியில்ல. இன்னாவோ இருக்குது."

"பயம்ண்ணே. நம்மளப் பாத்து நடுங்கிக்கினு இருக்காங்க."

"வுட்டுக் குடுத்துட்டா கைல மூவாயிரம். போயிக்கினே இருக்கலாம்."

"அண்ணே! மூவாயிரம்னா வெறும் பதினஞ்சு மடங்கு!"

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு நிமிர்ந்தார். ரெட்டு ஏற்கெனவே எங்களிடம். போர்டில் எங்கள் வெள்ளைக் காய் ஒன்று, அவர்களுடைய கறுப்பு ஒன்று. அடிக்கிற முறை சாரங்கபாணியுடையது. கறுப்பு அவர் மூக்குக்கு நேரே, ஊதினால் விழுகிற இடத்தில் இருந்தது. எதிராளியின் கடைசிக் காயை நாமே குழியில் போட்டுவிட்டால் ஆட்டம் எதிராளிக்குப் போய்விடும் என்பது கேரம் ஆடுகிற எல்லாருக்கும் தெரியும். சாரங்கபாணி கறுப்பைப் பார்க்கவேயில்லை. போர்டின் மூன்று பக்கமும் முட்டித் திரும்பி வருகிற மாதிரி ஓர் அடி அடித்தார். அந்த மாதிரி அடியை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. எங்கள் வெள்ளை போய்க் குழியில் விழுந்தது.

பந்தலே எழுந்து ஆரவாரம் செய்தது. சாரங்கபாணி என் கையைப் பிடித்துக் குலுக்கிய வேகத்தில் அவர் கண்ணில் தண்ணீர். "ஜெயிச்சிட்டீங்க தம்பி! ஜம்முனு ஜெயிச்சிட்டீங்க!"

கிடாவின் மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார்கள். கயிற்றை என் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். மூவாயிரம் ரொக்கம் சாரங்கபாணியின் சட்டைப் பைக்குள் போனதைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சின்னசாமி பணிவாக வந்து நின்றார்.

"அடுப்ப எங்க போடலாம்ங்க?"

"எந்த அடுப்பு?"

"கிடா ஆக்கத்தாங்க. ஆட வந்தவங்க எல்லாருக்கும் ஜெயிச்சவங்க சோறு போடணும்ல? கிடா இருக்குது. அரிசி, எண்ணெ, மசாலா மட்டும் நீங்க வாங்கிட்டா போதும்."

என் கையில் இருந்த கயிறு தளர்ந்தது. "நோட்டீஸ்ல அதப் போடலியேங்க?"

"பசிச்சா சாப்புடணும்னு யாராச்சும் நோட்டீஸ்ல போடுவாங்களா தம்பி?"

சாரங்கபாணி பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார். "வருசாவருசம் நாங்க ரெண்டாவதுதான். மொத வருசம் தெரியாம ஜெயிச்சிட்டு, டிராக்டருக்கு டீசல் போடக் காசில்லாம மலைய வுட்டு எறங்கினோம். அரையிறுதில உயிரக் குடுத்து ஆடணும், கடைசில உசுரோட தோக்கணும். அதாங்க இங்க ஆட்டம். ஆனா உன்கிட்ட தோக்கறதுக்குள்ள எங்களுக்கு உயிரே போயிடுச்சி தம்பி."

நான் செல்வராசுவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. டவுசர் பைக்குள் கையை விட்டு, உரப் பணத்தை எடுத்து, மளிகைக் கடைப் பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வெங்காயக் கண்ணீருக்கு நடுவே பார்த்ததால் எல்லாம் கலங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ஜெயித்தவர்கள் கையால்தான் பரிமாற வேண்டும் என்பது அடுத்த சட்டம். நான் குழம்பு வாளி, செல்வராசு சோற்றுக் கூடை. முதல் வரிசையில் முதல் ஆளாகச் சாரங்கபாணி.

"தம்பி, எலும்பா வுழுது பாரு. கறியா பாத்துப் போடு. நம்ம வூட்டு விசேஷம் மாதிரி இருக்க வேணாமா?"

போட்டேன். பாதிப் பந்தியில் பாயிடமிருந்து போன்.

"கிடா வரலியா?"

"வந்துது பாய்... போயிடுச்சி."

நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது வாளியில் குழம்பு மட்டும் இருந்தது. கறி இல்லை. உட்கார்ந்தபடியே மொத்தச் செலவைப் போட்டுப் பார்த்தேன். வகுக்கப் போனேன். வகுக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவிலும் செல்வராசு வாயைத் திறக்கவில்லை. பைக்கில் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். திங்கட்கிழமைவரை நிற்க அவருக்கு இனி வேலை இல்லை, உரமும் இல்லை. கள்ளக்குறிச்சியில் உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறும்போது, "வரங்க" என்றார். மாப்ள போய்விட்டது. தம்பிகூடப் போய்விட்டது. ஒரு கண்டக்டரிடம் பேசுகிற குரல்.

'களமருதூர் சரிப்படாது போலிருக்கிறது' என்று வீட்டில் சொல்லிவிட்டு, கடைக் கண்ணாடியிலிருந்த நோட்டீஸ்களை எல்லாம் கிழித்தேன். இரண்டு நாள் கவிதாவின் முகமும் கிடாவின் முகமும் மாறி மாறி வந்தன.

மூன்றாம் நாள் களமருதூரிலிருந்து போன் வந்தது. தேதி பார்க்கலாம் என்றார்கள்.

அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் கவிதா எனக்குச் சொன்னாள். அவளுடைய அப்பா, "புள்ள எப்டிடா?" என்று கேட்டிருக்கிறார்.

"கணக்கு சுத்தமா வராதுப்பா."

"அப்ப வேணாம்ன்றியா?"

"அதில்ல. ஆள ஏமாத்தத் தெரிஞ்சவனா இருந்தா அங்க ரெண்டாவது வந்துருப்பான். இவன் வெள்ளந்தியா ஜெயிச்சிட்டு நிக்கிறான். குழம்பு வாளியத் தூக்கிக்கினு முணங்காம ஓடுறான். நம்ம கவிதா சொன்னா கேட்டுக்குவான். முடிச்சிடலாம்."

முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கடைக் கல்லாச் சாவி கவிதாவிடம். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று நான் வாயைத் திறந்தால் போதும், "அதுக்கு அரிசி யாரு வாங்கறது?" என்பாள். மாமனார் வீட்டுக் கூடத்தில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் அந்த மலைப் படத்தையும் மாட்டி வைத்திருக்கிறார்கள். கழுத்தில் மாலையோடு நானும், மாலை இல்லாமல் கிடாவும். புதிதாக வருகிற விருந்தாளிகளிடம், இதில் வெட்டப்போகிற ஆடு எது என்று மச்சான் செல்வராசு விரலால் தொட்டுக் காட்டுவார். கிடாவைத் தொட மாட்டார்.

சாரங்கபாணி இன்னும் வருசா வருசம் போன் செய்கிறார். போன தடவை கவிதாதான் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, அடுத்த வாரம் மலைல போட்டி. இந்தத் தடவ ஜெயிக்கறதுக்கு ஆளே கெடைக்கல. தம்பிய கொஞ்சம் அனுப்பி வையேன்."

"அவரு ஜெயிக்கறத வுட்டுட்டாருண்ணா" என்றாள் கவிதா. "கல்யாணம் ஆயிடுச்சில்ல?"