திறவுகோல் சித்தரின் விலைப்பட்டியல்

பாறசாலைச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பழைய கொப்பரைக் கிட்டங்கியில் திறவுகோல் சித்தர் எழுந்தருளியிருந்தார். எழுந்தருளினார் என்றுதான் சொல்ல வேண்டும். ‘வந்து குடியிருக்கிறார்’ என்று சொன்ன ஒரு பெட்டிக்கடைக்காரருக்கு மறுநாளே வயிற்றுப்போக்கு கண்டதாம். முந்தின ராத்திரி அவர் தின்ற பழைய மீனைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை.

காணாமல் போன சாவிகளை வரவழைப்பது சித்தரின் தொழில். பெட்டிச் சாவி, பத்தாயச் சாவி போன்ற அற்பப் பொருள்களை அவர் தொடமாட்டார். கார்ச் சாவி மட்டும்தான். பொழியூர் முதல் நெய்யாற்றின்கரை வரை எண்ணிப் பார்த்தாலும் முப்பது கார் தேறாது. ஆனால் கிட்டங்கி வாசலில் தினமும் முந்நூறு பேர். கார் இல்லாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்களா? அவனுக்கும் சித்தர் வழி வைத்திருந்தார். ஒன்றேகால் ரூபாய் கொடுத்தால் மந்திரித்த சாவி ஒன்று தருவார். அரையில் கட்டிக்கொண்டால் மூன்று வருஷத்தில் அந்தச் சாவிக்கு ஏற்ற கார் தானாகத் தேடி வரும். மாட்டுவண்டிக்குக் கடையாணி வாங்க வக்கில்லாதவர்களெல்லாம் இடுப்பில் சாவியோடு, நிமிர்ந்த நடையோடு திரிந்தார்கள்.

ஐம்பத்தாறாம் வருஷம் அது. ராஜ்யங்களைப் பிரிக்கும் கமிஷனின் அறிக்கை வந்து, தெற்கே உள்ள தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்கு, நெய்யாற்றின்கரை மலையாளத்துக்கு என்று முடிவாகியிருந்தது. எல்லைக்கல் யார் வாழைத்தோட்டத்தின் நடுவே விழும் என்று தெரியாமல் ஜனங்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்க் கட்சிக்காரரும் மலையாளக் கட்சிக்காரரும் ஒரே டீக்கடையில் உட்காராத காலம். சித்தரின் வரிசையில் மட்டும் தோளோடு தோள் உரசி நின்றார்கள். சைவப் பிள்ளைமார் நின்றார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, வேதபுத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சபைக்காரர்களும் நின்றார்கள்.

சித்தர் இருசாராரையும் கைவிடவில்லை. தமிழ் பேசுகிறவர் வந்தால், “ஒங்க சாவிய வடக்கத்தி மாடன் கொண்டு போயிட்டானாக்கும்” என்பார். மலையாளம் பேசுகிறவர் வந்தால், “தாக்கோல் தெக்கோட்டு போயல்லோ, பாண்டிப் பேயாணு” என்று சாவியைத் தெற்கத்திப் பேயின் தலையில் கட்டுவார். இரண்டு பேருமே ‘அப்படித்தான் நினைத்தோம்’ என்று தலையாட்டிக் காசைக் கொடுத்தார்கள்.

காசு என்றால் வண்டிக்கு வண்டி வேறு. காரின் உயிர் சாவியில் இருக்கிறது, பெரிய காருக்குப் பெரிய உயிர் என்பது சித்தரின் தத்துவம். பேபி காரின் சாவிக்கு இருபத்தொரு ரூபாயும் ஒரு பெட்டைக்கோழியும். ஆஸ்டினுக்கு நாற்பத்தொன்றும் சேவலும். படகு மாதிரி நீண்ட அமெரிக்கக் காருக்கு நூற்றொன்றும் ஆட்டுக்கிடாயும். கதவுச் சாவி மட்டும் போனால் பாதி, டிக்கிச் சாவிக்குக் கால். பெட்ரோல் மூடிச் சாவி ஆவிக்குப் பிடிக்காத வாடை என்பதால் கூடுதலாக ஐந்து ரூபாய். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எந்தச் சாவியும் இரண்டு மூன்று ரூபாய்க்கு வெட்டித் தருவார்கள். ஆனால் வெட்டின சாவியில் உயிர் இல்லையே! உயிரில்லாத சாவியால் ஓட்டினால் வண்டி முதல் பாலத்திலேயே ஆற்றில் இறங்கும் என்று சித்தர் அருளியிருந்தார்.

பணத்தைக் கட்டியதும் பித்தளைக் குடம் நிறையப் பச்சரிசி வரும். சித்தர் தம்முடைய காவி அங்கியின் அகலக் கையைக் குடத்துக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றுவார். உடையவர் கையை விட்டுத் துழாவினால் சாவி இருக்கும், அவருடைய அதே சாவி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சந்தை முக்கில் ஆலமரத்தடியில் நாலணாவுக்குக் கார் கழுவித் தரும் ராஜதாஸ் கழுவின கார்களில்தான் சாவிகள் காணாமல் போகின்றன என்பது முந்நூறு பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்த ராஜதாஸ்தான் சாயங்காலம் சித்தருக்குக் கால் பிடித்துவிடுகிறவன் என்பதையும் ‘எவ்வளவு பக்தி’ என்றே எடுத்துக்கொண்டார்கள்.

குன்னத்துகால் கைலாசநாதனின் ஆஸ்டின் சாவியும் அப்படித்தான் போயிற்று. கைலாசநாதனின் அப்பா சமஸ்தானக் கச்சேரியில் கிளார்க். மகன் நிலமும் காருமாக வளர்ந்திருந்தார். காசு விஷயத்தில் மட்டும் கச்சேரிக் கிளார்க்காகவே இருந்தார்.

“நாப்பத்தொண்ணு கொஞ்சம் கூடுதலு சாமி. இருவது தாறேன். சேவலுக்குப் பதிலு முட்டை தாறேன்” என்றார்.

சித்தரிடம் பேரம் பேசுவதா! சித்தர் கண்ணை மூடினார். குடத்தில் கைவிட்ட கைலாசநாதனுக்கு அரிசிதான் கிடைத்தது.

“வராது. அடைச்சு வச்சிருக்கான். வண்டிய தினமும் தொடுற கை ஒண்ணு ஆவிய அடைச்சு வச்சிருக்கு” என்றார் சித்தர்.

தினமும் தொடுகிற கை டிரைவர் விஜயதாஸின் கை. சாவி போன அன்று காருக்குள் தலையை விட்டிருந்த ராஜதாஸைப் பிடரியைப் பிடித்து வெளியே இழுத்தவன் அவன். சித்தருக்கு அந்தக் கணக்கும் தீர வேண்டியிருந்தது.

“எலே, சாவிய எங்கலே வச்சிருக்க?” என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கைலாசநாதன் கத்தினார். “ஆறு வருசம் எனக்கச் சோறு தின்னுட்டு எனக்கேயா?”

“முதலாளி, சத்தியமா நான் எடுக்கல்ல. அந்த ராஜதாஸைக் கேளுங்க.”

“சாமிக்க ஆளப் பழி சொல்லுதியா? வெள்ளிக்கிழமை வரை தவணை. சாவி வரல்லன்னா போலீசு. நீ தமிழ்க் கட்சிக் கூட்டத்துக்குப் போனதும் எனக்குத் தெரியும். அதையும் சேத்துச் சொல்லுவேன்.”

இந்தக் கடைசி வாக்கியத்தின் எடை அந்தக் காலத்து ஆட்களுக்குத்தான் தெரியும். திருட்டுக் கேஸ் என்றால் நாலு அடி. அதோடு எல்லைப் போராட்டக்காரன் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டால், ஆள் நடந்து வீடு வருவது நிச்சயமில்லை. இதைச் சொன்ன கைலாசநாதனும் தமிழர்தான், போன வருஷம் அதே கூட்டத்துக்கு மாலை வாங்கிக் கொடுத்தவர்தான். சாவி என்று வந்தால் இனம் எங்கே, கொள்கை எங்கே!

விஜயதாஸின் மனைவி சுகிர்தபாய் விஷயத்தைக் கேட்டு ஒரு பகல் முழுக்க அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பொழியூருக்கு நடந்தாள். அங்கே அவளுடைய அண்ணன் நேசையன், பட்டாளத்தில் மோட்டார் மெக்கானிக்காக இருந்தவன், ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி ஜீப்பில் மீன் ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தான்.

“அந்த ஆஸ்டினுக்குச் சாவி நம்பரு, சுவிச்சு முகத்திலயே அடிச்சிருக்கும். நம்பரச் சொன்னா ரெண்டு ரூவாய்க்குச் சாவி கிட்டும். இதுக்கு ஒரு சாமியா?” என்றான் நேசையன்.

“சாவி கிட்டும் அண்ணே. எங்க வீட்டுக்காரருக்குப் போன பேரு எந்தக் கடையில கிட்டும்? அந்தாளு கள்ளன்னு எல்லாரும் பாக்கணும். நாம ஒரு சாவிய ஒளிச்சு வச்சுக்கிட்டு, போச்சுன்னு கேட்டா என்ன?”

“அவன் ஏதாவது பழைய சாவிய எடுத்துப் போடுவான். சேரல்லன்னா, ஆவி இன்னும் அடங்கல்ல, பதினோரு ரூவா கூட வையின்னு சொல்லுவான். திருப்புறத்து ஆளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கான்.”

சுகிர்தபாய் யோசித்தாள். கண் ஜீப்பின் மேல் போயிற்று.

“இதுக்கச் சாவி எங்க அண்ணே?”

“இதுக்கு ஏது சாவி மக்கா? பட்டாள வண்டியாக்கும். குண்டு விழும்போ எவன் சாவி தேடுவான்? இந்தத் திருகு சுவிச்ச இப்படித் திருப்பிட்டு, கீழ மிதிச்சா ஓடும்.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நேசையன் முதலில் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம் ஐந்நூறைத் தாண்டியிருந்தது. கைலாசநாதன் முன்வரிசையில் இருந்தார், பக்கத்தில் விஜயதாஸ் தலைகுனிந்து நின்றான். ஜீப்பைக் கிட்டங்கி வாசலில் மீன் கூடைகளோடு நிறுத்திவிட்டு நேசையன் ஓரமாக நின்றுகொண்டான். சுகிர்தபாய் தலைவிரிகோலமாக ஓடிப்போய்ச் சித்தரின் காலடியில் விழுந்தாள்.

“சாமி, எனக்க அண்ணனுக்க ஜீப்பு சாவி போச்சு! மீனெல்லாம் நாறுது சாமி!”

சித்தர் ஓரக்கண்ணால் ராஜதாஸைப் பார்த்தார். ராஜதாஸ் உதட்டைப் பிதுக்கினான். மீன் நாற்றமடிக்கும் அந்த ஜீப்பை அவன் ஒருநாளும் கழுவினதில்லை. இது நிஜமாகவே தொலைந்த சாவி என்று சித்தர் முடிவுகட்டினார். அதனால் என்ன? பதினோரு ரூபாய் மந்திரம் இருக்கவே இருக்கிறது.

“மிலிட்டரி வண்டி” என்றார் கண்ணை மூடி. “வெள்ளைக்காரப் பட்டாளத்தான் ஆவி. அடங்காத ஆவி. எழுபத்தஞ்சு ரூவாயும் ஒரு குப்பி பிராந்தியும் ஆவும்.”

“முன்பணம் பத்து வச்சிருக்கேன் சாமி. எங்க போச்சு, எப்பப் போச்சுன்னு மட்டும் சொல்லணும்.”

“முந்தாநாளு. கடக்கரையில. நீல உடுப்புக்காரன் ஒருத்தன் கையில இருந்து மணலில விழுந்தது.”

“சாவி எப்படி இருக்கும் சாமி? எனக்குத் தெரியாதே.”

“வட்டத் தலை. பித்தளை. தலையில ஒரு நட்சத்திரம். உன் அண்ணன் தினமும் காலையில அதக் கண்ணில ஒத்திக்கிட்டுத்தான் போடுவான்.”

கூட்டம் ‘ஆ’ என்றது. அம்மிணி என்ற அம்மாள் மெய்சிலிர்த்து அழுதே விட்டாள். காவிக் கை மூன்று சுற்றுச் சுற்றிற்று. சுகிர்தபாய் குடத்தில் கையை விட்டாள். வந்தது ஒரு சாவி. தலையில் நட்சத்திரம் இல்லை. பக்தர்கள் நட்சத்திரத்தை மனக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

“சேருமா சாமி?”

“போட்டுப் பாரு. சேரல்லன்னா ஆவி அடங்கல்லன்னு அர்த்தம்.”

“எனக்குப் பயமா இருக்கு. சாமியே போட்டுத் தாங்க.”

ஐந்நூறு பேர் பார்க்கும்போது மறுப்பதெப்படி? சித்தர் இறங்கி வந்தார், ஜீப்பில் ஏறினார். சாவியைப் பிடித்த கை முன்பலகையில் வலது பக்கம் போயிற்று, இடது பக்கம் போயிற்று. ஸ்பீடு காட்டுகிற கண்ணாடியைத் தட்டிற்று. ஸ்டியரிங் கழுத்தைத் தடவிற்று. சித்தர் குனிந்து கீழே பார்த்தார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது.

“எங்க போடணும் சாமி?” என்றாள் சுகிர்தபாய்.

“ஆவி… ஆவி ஓட்டைய மறைச்சிட்டு…”

“ஓட்டை நேத்தும் இல்ல. அதுக்கு முந்தியும் இல்ல.” நேசையன் முன்னால் வந்தான். “இந்த வண்டிக்குச் சாவியே கிடையாது. கிடையாத சாவி கடக்கரையில விழுந்துச்சாம். கிடையாத சாவிய நான் தினமும் கண்ணில ஒத்துதேனாம். எல்லாரும் பாத்துக்கிடுங்க!”

திருகு சுவிச்சைத் திருப்பினான், காலால் மிதித்தான். சாவியில்லாத ஜீப் சித்தரையும் சேர்த்துக் குலுக்கிக்கொண்டு உறுமியது.

கிட்டங்கிக்குள்ளிருந்து தகரப் பெட்டியோடு ராஜதாஸ் நழுவினான். பிடரி பழக்கமான பிடரிதானே, விஜயதாஸ் ஒரே எட்டில் பிடித்துவிட்டான். பெட்டி விழுந்தது, மண்ணெல்லாம் சாவி. நேசையன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஆஸ்டின் சாவி ஒன்றைக் கைலாசநாதன் கையில் வைத்தான்.

“நம்பரு அறுநூத்திப் பதினேழு. ஆலமரத்தடியில நிக்குத ஒங்க வண்டி சுவிச்சில என்ன நம்பருன்னு நீங்களே வாசியுங்க.”

கைலாசநாதன் போனார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இரண்டு தடவை வாசித்தார். அறுநூற்றுப் பதினேழு. சாவி வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. திரும்பி வந்தவர் விஜயதாஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

“சரி, நடந்தது நடந்தாச்சு. நீ வண்டிய எடு. சாமியாரையும் விட்டிருவோம். போலீசு கீலீசுன்னு போனா சாபம் கீபம்…”

சுகிர்தபாய் அதுவரை நடித்தது போதும் என்று நிறுத்தினாள். கைலாசநாதனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

“கள்ளனில்லாத எங்க வீட்டுக்காரருக்குப் போலீசு. பெட்டி நிறையச் சாவியோட பிடிபட்டவனுக்குச் சாபப் பயமா முதலாளி? அண்ணைக்கு முந்நூறு பேருக்க முன்னால கள்ளன்னு சொன்னீங்க. அஞ்ஞூறு பேருக்க முன்னால இல்லன்னு சொல்லுங்க. அதுக்குப் பிறவு வண்டி எடுக்கணுமா வேண்டாமான்னு அவரு சொல்லுவாரு.”

கைலாசநாதன் சொன்னார். முணுமுணுத்தார் என்பதே சரி. “சத்தமா!” என்று தமிழிலும் “உறக்கெ!” என்று மலையாளத்திலும் கூட்டம் ஒருமித்துக் கத்தியது. இரண்டாவது தடவை கேட்கும்படி சொன்னார். சித்தரையும் ராஜதாஸையும் அதே ஜீப்பில், மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்த்தி நேசையன் போலீஸுக்குக் கொண்டுபோனான். விஜயதாஸ் ஆஸ்டினை எடுக்கவில்லை. மச்சானோடு ஜீப்பில் ஏறிக்கொண்டான்.

இதோடு ஊருக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். அடுத்த வாரமே சந்தையில் ஒரு பேச்சு கிளம்பிற்று. ஜீப்பில் சாவித் துவாரம் இருக்கத்தான் இருந்ததாம், சுகிர்தபாயின் அவநம்பிக்கையைப் பார்த்துச் சித்தர்தான் கோபத்தில் அதை அடைத்துவிட்டாராம்!

ஐயா, அம்மா, காசை அவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து, துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகு வலிக்கும் என்று சொல்லாதீர்கள். சாமியார் காலில் விழும்போது வளைந்த அதே முதுகுதான்.