குடத்துக்குப் பாடம் நடத்திய கைகாட்டி சார்

ஊரடங்குக் காலத்தில் தமிழ்நாட்டிலேயே பெரிய தொல்லை பிடித்த வாத்தியார் யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: எங்கள் கைகாட்டி சார். நாரணாபுரம் பக்கம் பத்தாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்தவர்.

பட்டாசுக் கம்பெனிகள் திறந்துவிட்டன, பள்ளிக்கூடம் திறக்கவில்லை. போனில்தான் வகுப்பு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பை எட்டிய முதல் ஆள் நான். அதனால் அம்மா தினமும் போனுக்குள் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டீகளா சார்?" என்பாள். சாரும் பாடத்தை நிறுத்திவிட்டு, என்ன குழம்பு என்பதுவரை சொல்வார்.

சேவல் மாதிரி கூவுவார். சட்டியைக் கவிழ்த்து அதன் கரியில் அணு வரைவார். புளியமரத்துப் பேய்க்கதையை ஆரம்பித்து, சாயங்காலம்வரை இழுப்பார். வருஷம் முடிந்தும் அந்தப் பேய் மரத்தை விட்டு இறங்கவில்லை.

"பிள்ளையள எம்புட்டு நேரம் பிடிச்சு வச்சிருப்பீக சார்? லோடு கிளம்ப வேண்டாமா?" என்று பெற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"பேய் இன்னும் மரத்துலதான இருக்கு!" என்பார்.

விஷயம் வேறு. வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்று எங்கள் ஊரில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். போன் முன்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்றால், அது பட்டாசு சுற்றும் கொட்டகைக்குள் இல்லை. லைசென்ஸ் இல்லாத கொட்டகைகளைப் பற்றி சார் புகார் எழுதிப் பார்த்தார். ஆள் வருவதற்குள் கொட்டகை வேறு காட்டுக்குப் போய்விடும். அதனால்தான் பேயைப் பிடித்தார்.

எங்கள் வகுப்பு மாரியப்பன் அதற்கும் வழி கண்டுபிடித்தான். நாற்காலியில் சட்டையை மாட்டி, மேலே குடத்தைக் கவிழ்த்து, குடத்துக்கு மாஸ்க் போட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போய்விட்டான். கண்ணாடி பழசு என்பதால் சார் ஒரு வாரம் குடத்துக்குப் பாடம் நடத்தினார்.

"மாரியப்பனப் பாருங்கலே! எம்புட்டு அமைதி!"

உண்மை தெரிந்த அன்று பிறந்ததுதான் அந்தச் சட்டம். "ஏலே, எல்லாரும் ரெண்டு கையையும் காட்டு!" குடத்துக்குக் கை ஏது? மாரியப்பன் கொட்டகையிலிருந்து ஓடிவந்து காட்டுவான். மருந்துப் பொடி ஒட்டி, கை வெள்ளியாக மினுங்கும். சார் அதைப் பார்ப்பார். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும், "கை!"

"இந்த மனுசனால ஒரு வேலையும் ஓடலயே!" என்று அவன் அம்மா பொன்னுத்தாய் கொட்டகையிலிருந்து கத்துவது எங்களுக்கும் கேட்கும். சிரிப்போம்.

அன்றைக்கும் சார் "கை!" என்றார். மாரியப்பன் ஓடிவந்து காட்டினான். அந்த நேரத்தில்தான் கொட்டகைப் பக்கம் சத்தம். குடம் உருண்டது. அவன் படம் புகையாகிப் போனது.

"ஏலே மாரியப்பா, கையக் காட்டு! கையக் காட்டுலே!"

சார் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டும், வண்டிச் சத்தமும், அவருடைய மூச்சும்தான். ஒருவரும் வகுப்பை விட்டுப் போகவில்லை. கண் இமைக்காமல் நாங்கள் கவனித்த ஒரே வகுப்பு அது.

பிறகு வெளிச்சம் வந்தது. திரை நிறைய, மாரியப்பனின் கைகளைச் சேர்த்துப் பிடித்திருந்த சாரின் கை.

"ரெண்டும் இருக்குலே," என்றார்.

பொன்னுத்தாய் அக்கா வெளியே வரவில்லை.

மாரியப்பன் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். சார் ஓய்வு பெற்றும் அடங்கவில்லை. கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பிள்ளைகளை வெளியே இழுத்து வருகிறார். எங்காவது வெடித்தால் எங்கள் பழைய குழுவுக்கு அவருடைய அழைப்பு வரும். அவரவர் வேலையைப் போட்டுவிட்டுக் கையைக் காட்டுவோம்.

போன வாரம் ஊர்ப் பக்கம் ஒரு சத்தம். சாரிடமிருந்து அழைப்பு வரவில்லை. மாரியப்பன்தான் எல்லோரையும் அழைத்தான். நெடுநேரம் கழித்து, முகமெல்லாம் சவர நுரையோடு சார் வந்தார்.

"என்னலே, எல்லாரும் கூடிருக்கீக?"

"முதல்ல ரெண்டு கையையும் காட்டுங்க சார்," என்றான் மாரியப்பன்.

காட்டினார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.